மைதானம் முதலில், மாடி அப்புறம்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஹைஸ்கூலுக்கு மூன்று இடங்கள்

பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் எல்லாரும் கேட்பது எத்தனை மாடி, எத்தனை வகுப்பறை என்றுதான். மைதானம் பற்றிய கேள்வி கடைசியில் வரும். அதற்குள் பிளான் முடிந்திருக்கும்: நடுவில் கட்டடம், முன்னால் கொடிக்கம்பம், பின்னால் மிஞ்சிய முக்கோணத் துண்டுக்கு 'பிளே கிரவுண்ட்' என்று பெயர். கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர் தாலுகாவில் இப்படி மிச்சத்தில் விளையாடும் பள்ளிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எங்கள் பள்ளி கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் ரோட்டில் இருக்கிறது. தமிழ் மீடியம், மலையாள மீடியம் இரண்டும் உண்டு. அரசு ஹைஸ்கூல் என்பதால் சொத்தும் முடிவும் ஜில்லா பஞ்சாயத்தின் கையில். ஆனால் இடத்தைப் பற்றி பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. ஒரே குரலில் சொன்னால் மேலே அதை லேசில் தள்ளிவிட முடியாது. கமிட்டியில் உட்காரும் பெற்றோர்களில் ஒருவனாக, எங்கள் முன் உள்ள வழிகளை எழுதி வைக்கிறேன். எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கமும் இதே கேள்விகள்தான் வரும்.

முதல் வழி, இப்போது இருக்கும் இடம். இரண்டேகால் ஏக்கர், பஸ் ஸ்டாப்பை ஒட்டி. ஓட்டுக் கட்டடங்களை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்புவது. இரண்டாவது, நாலு கிலோமீட்டர் கிழக்கே, எல்லையை ஒட்டி எட்டு ஏக்கர் கரிசல் தோட்டம். தென்னை காய்ந்துபோனதால் உரிமையாளர் கொடுக்கத் தயார். எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோவது. மூன்றாவது, வகுப்பறை இங்கேயே இருக்கட்டும், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் பஞ்சாயத்திடம் இருக்கும் ஐந்து ஏக்கர் பாறைமேட்டுப் புறம்போக்கை மைதானமாக்குவது.

நாலாவதாக ஒரு யோசனை வந்தது: பக்கத்து வயலை வாங்கி நிரப்பலாம் என்று. விலை குறைவு, ரோடு இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் 2008-ல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது வயலை மண் போட்டு மூடுவது அவ்வளவு எளிதல்ல. பொதுக் காரியத்துக்கு என்றாலும் மாநிலக் குழு வரை போய் வர வேண்டும். கிருஷிபவனில், அதாவது விவசாய ஆபீசில், வயல்களின் பட்டியலான டேட்டா பேங்கைப் பார்த்தோம், வயல் என்றே இருந்தது. பேச்சு அதோடு முடிந்தது. எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் பேசுவதற்கு முன் வில்லேஜ் ஆபீசிலும் கிருஷிபவனிலும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, ஒரு மைதானத்துக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும்? இது தெரியாமல் பேசுவதால்தான் பாதிச் சண்டை. முறையான 400 மீட்டர் டிராக்கில் உள்வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்பாதை 84.39 மீட்டர், ஒரு லேன் 1.22 மீட்டர். எட்டு லேன் போட்டால் நீளம் 177 மீட்டர், அகலம் 93 மீட்டர் வருகிறது. நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இதில் வடிகால், வேலி, 100 மீட்டர் ஓட்டத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய இடம் எதுவும் சேரவில்லை. லேனைக் குறைத்தால் நிறைய மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நாலு லேன் என்றாலும் 167 மீட்டருக்கு 83 மீட்டர் வேண்டும். இடத்தைத் தின்பது லேன் அல்ல, வளைவு. நடுவில் 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் அடங்கும், எறிதல் போட்டிகளும் அங்கேயே நடக்கும்.

200 மீட்டர் டிராக் என்றால் கதை வேறு. நாலு லேனோடு 88-க்கு 46 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். கபடி, கோ-கோ, வாலிபால் இதெல்லாம் இடத்துக்கு அழாத விளையாட்டுகள். கோ-கோவுக்கு 27-க்கு 16, வாலிபாலுக்கு 18-க்கு 9, சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் போதும்.

பழைய இடத்தின் நீளம் 130 மீட்டர், அகலம் 70. மூன்று மாடிக் கட்டடத்தை ஒரு ஓரத்தில் ஒடுக்கினால் 200 மீட்டர் டிராக் வரும், வேலியை ஒட்டி 100 மீட்டர் நேர்பாதையும் வரும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் நீளம் ரோட்டை ஒட்டி ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று அதே திசையில்தான் அடிக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து, மார்கழி, தையில் கிழக்கிலிருந்து. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. முதுகுக் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் சாதனை செல்லாது. நம் ஊரில் ஆடி மாதக் காற்றில் ஓடும் பையனின் நேரத்தை நம்பி சப்-ஜில்லா மீட்டுக்கு, அதாவது பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டிக்குப் போனால் அங்கே அவன் யார் என்றே தெரியாது. போதாக்குறைக்கு மாலைப் பயிற்சியில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். வடக்கு தெற்காக டிராக் போடச் சொல்வது வெயிலுக்காகத்தான். இங்கே காற்றுக்காகவும் அதுவே சரி. குறுக்குக் காற்று ஓட்டத்தைக் கெடுக்கும், ஆனால் காலத்தைப் பொய்யாக்காது.

ஈட்டி, வட்டு, குண்டு? பழைய இடத்தில் குண்டு மட்டும் எறியலாம். நன்றாக எறியத் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கையில் ஈட்டியைக் கொடுத்தால் அது பொள்ளாச்சி ரோட்டில் போய் விழும். இன்னொன்று, இடிப்பும் கட்டுவதும் நடக்கும் காலம் முழுக்கப் பிள்ளைகள் அங்கேயேதான் படிக்க வேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் இறங்கும் இடம் எது? மைதானம்தான். கட்டடம் திறந்து ரிப்பன் வெட்டிய பிறகும் அந்த ஜல்லி மண்ணோடு கலந்தே கிடக்கும். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று கான்ட்ராக்டருக்குத் தெரியாது.

அப்படியானால் எட்டு ஏக்கர்தானே நல்லது என்று தோன்றும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே வளாகம், 400 மீட்டர் டிராக், ஒரு இன்டோர் ஹால், கட்டடத்தை விரிக்க இடம். கமிட்டியில் பெரும்பாலோர் இதற்கே கை தூக்கினார்கள். நான் அதை ஒதுக்க மூன்று காரணங்கள்.

ஒன்று மண். கேரளத்தில் கரிசல் மண் கிடக்கும் சொற்ப இடங்களில் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியும் ஒன்று. பருத்திக்கும் கடலைக்கும் அது தங்கம். கட்டடத்துக்கு எமன். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேயில் அந்தத் தோட்டத்தில் நடந்தால் வெடிப்புக்குள் கை போகும். சாதாரண அஸ்திவாரத்தில் எழுப்பினால் இரண்டு மழைக்காலத்துக்குள் சுவரில் கோடு விழும், முதலில் விழுவது காம்பவுண்டுச் சுவர். இதற்கு வழி இல்லாமல் இல்லை. கீழே குமிழ் வைத்த அண்டர்ரீம்டு பைல் என்று ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை நாடு முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் கீழே பாரத்தை இறக்கிவிடும். கட்டடத்துக்கு அதைச் செய்துவிடலாம், செலவு கூடும், அவ்வளவுதான். டிராக்குக்கு பைல் போட முடியாதே! டிராக் வரும் இடம் முழுக்க அரை மீட்டர் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பினால் 8,000 கன மீட்டருக்கு மேல். பத்து கன மீட்டர் லாரியில் எண்ணூறு லோடு வெளியே, எண்ணூறு லோடு உள்ளே. கேரளத்தில் மண்ணை லாரியில் ஏற்ற மைனிங் அண்ட் ஜியாலஜி துறையின் பாஸ் வேண்டும் என்பதை இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள். மண்ணை மாற்றாமல் அப்படியே ஓடவிடலாமா? சப்-ஜில்லா, ஜில்லா மீட்டுகளுக்குத் தயாராகும் மாதங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை. அப்போது பெய்யும் மழையில் கரிசல் களியாகி ஷூவோடு எழுந்து வரும். தேவைப்படும் மாதங்களில் மூடிக் கிடக்கும் மைதானம் எதற்கு?

இரண்டாவது தண்ணீர். கேரளம் என்றாலே மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மாநிலத்தின் சராசரி 3,000 மில்லிமீட்டர் பக்கம், கணவாயின் மழை மறைவில் கிடக்கும் நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல வருஷம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கில் சித்தூர் ப்ளாக் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரமாகப் பல காலம் நின்றது. பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் வர வேண்டிய 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) தண்ணீருக்கு வருஷா வருஷம் சண்டை. இந்த ஊரில் புல் மைதானம் கேட்பவர்கள் ஒரு கணக்குப் பார்க்கட்டும். கால்பந்து மைதானம் மட்டும் 7,140 சதுர மீட்டர். வேனிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 35,700 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் மூன்று, தினமும். குடத்தோடு டேங்கருக்குக் காத்திருக்கும் வீடுகளின் நடுவில் இதைச் செய்ய எந்த மெம்பருக்கும் தைரியம் வராது, வரவும் கூடாது. இந்தக் கணக்கு மூன்று இடங்களுக்கும் பொதுதான். ஆனால் கிழக்கே போகப் போக போர்வெல் இன்னும் ஆழம் போகிறது.

மூன்றாவது காரணத்தைக் கமிட்டியில் யாரும் சொல்லவில்லை, கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "அந்தக் காட்டுக்குள்ள கட்டுனீங்கன்னா எங்க புள்ளையப் பொள்ளாச்சிப் பக்கமே சேத்திருவோமுங்க. அங்க பஸ்ஸாவது இருக்குது." இது வெறும் கோபம் இல்லை. நம் தமிழ் மீடியம் பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ்ஸில் கன்செஷனில் வருகிறவர்கள். எட்டு ஏக்கர் தோட்டத்துக்கு லைன் பஸ் இல்லை. எம்.எல்.ஏ. நிதியில் ஸ்கூல் பஸ் வாங்கிவிடலாம், டிரைவர் சம்பளமும் டீசலும் மாதா மாதம் பி.டி.ஏ. தலையில். முதல் வருஷம் வசூலாகும், மூன்றாம் வருஷம்?

பிள்ளைகள் குறைந்தால் என்ன ஆகும் என்பது கேரளத்தில் பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஜூனில் ஆறாவது வேலை நாள் எடுக்கும் தலைக்கணக்கில்தான் எல்லாம் நிற்கிறது. எண்ணிக்கை விழுந்தால் டிவிஷன், அதாவது வகுப்பின் ஒரு பிரிவு, விழும், டிவிஷன் விழுந்தால் பணியிடம் விழும். முதலில் ஆட்டம் காண்பவற்றில் பி.டி. மாஸ்டர் போஸ்ட்டும் ஒன்று. எட்டு ஏக்கரில் 400 மீட்டர் டிராக் இருக்கும், விசில் ஊத ஆள் இருக்காது. மலையாள மீடியத்துக்கு நஷ்டம் கொஞ்சம்தான், அவர்களுக்கு மேற்கே வேறு பள்ளிகள் உண்டு. தமிழ் மீடியம் டிவிஷன் ஒருமுறை போனால் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்று பழைய ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே நான் மூன்றாவது வழியின் பக்கம். அதில் சிக்கல் இல்லை என்று சொல்லவில்லை. பிரிந்து கிடக்கும் வளாகம் எப்போதுமே தொல்லை. நாற்பது நிமிஷப் பீரியடில் போக வர இருபது நிமிஷம் போய்விடும். நடுவில் பொள்ளாச்சி ரோட்டைக் கடக்க வேண்டும், காய்கறி லாரியும் கல் லாரியும் நிற்காமல் போகும் ரோடு. இதற்கு டைம்டேபிளில் ஒரு மாற்றம் போதும்: பி.டி. பீரியடை ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டாகச் சேர்த்து மதியத்தின் கடைசியில் வைப்பது, முடிந்ததும் அங்கிருந்தே வீட்டுக்கு விடுவது. உண்மையான பயிற்சி காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்கும்தானே நடக்கிறது. அந்த நேரத்துக்கு வகுப்பறை பக்கத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

பெரிய சிக்கல் வேறு. பள்ளியின் கண் படாத மைதானம் ராத்திரியில் யாருடையது? கள்ளுக்குப் பேர்போன தாலுகா இது, சாயங்காலம் ஆனால் காலி இடத்தில் யார் உட்காருவார்கள் என்று விளக்கத் தேவையில்லை. காலையில் பாட்டில் சில்லு பொறுக்கிவிட்டு ஓடும் பிள்ளைகள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். அதனால் சுற்றுச்சுவர், கேட், இரண்டு கம்பத்தில் விளக்கு, தண்ணீர் வசதியோடு பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும், இவை முதல் எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். பெண்கள் வராத மைதானத்துக்கு இவ்வளவு பாடு படத் தேவையில்லை.

பாறைமேட்டின் நல்ல குணம் அதன் மண். விவசாயத்துக்கு ஆகாத சரளைச் செம்மண், கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்காது, வெடிக்காது. மேடு பள்ளம் உண்டு, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டால் மண் வெளியே போகாது. ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்று, குறுக்கே நூற்றுக்கு ஒன்று, அதற்கு மேல் சாய்வு கூடாது என்பது உலகத் தடகள விதி. நிரப்பிய பகுதியை உடனே நம்பக் கூடாது. ஒரு மழைக்காலம் உட்காரவிட்டு, ரோலர் ஓட்டி, திரும்ப மட்டம் பார்க்க வேண்டும். ஐந்து ஏக்கர் கோணலாகக் கிடப்பதால் எட்டு லேன் வராது. சுற்றில் நாலு லேன், நேர்பாதையில் மட்டும் ஆறு என்று வைத்துக்கொண்டால் வடக்கு தெற்காகவே உட்காரும். சர்வேயர் சங்கிலி பிடித்துப் பார்த்த பிறகே இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

சிந்தெடிக் டிராக் கேட்டுப் போஸ்டர் ஒட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 13 மில்லிமீட்டர் ரப்பர் பரப்பு, அதற்குக் கீழே தார் போட்ட அடித்தளம், கோடிக்கணக்கில் செலவு. பத்து வருஷம் ஆனால் மேற்பரப்பைப் புதுப்பிக்க மறுபடியும் கோடி. ஏப்ரலில் பாலக்காடு நாற்பது டிகிரி தாண்டும். 2024-ல் வெப்ப அலை அறிவித்துக் கல்வி நிறுவனங்களை மூடும் அளவுக்குப் போனது. அந்த வெயிலில் ரப்பர் பரப்பு காற்றைவிட இன்னும் அதிகம் சூடாகும், ஷூ இல்லாத பிள்ளை கால் வைக்க முடியாது. நம் ஜில்லாவின் பறளி, முண்டூர்ப் பள்ளிகள் மாநில ஸ்கூல் மீட்டில் பெயர் எடுத்தபோது அந்தப் பள்ளிகளில் சிந்தெடிக் இருக்கவில்லை. 2017-ல் புவனேஸ்வரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய பி.யு. சித்ரா அந்த முண்டூர்ப் பள்ளியின் பெண். விடாமல் காலையில் வந்து நிற்கும் மாஸ்டரும், தண்ணீர் நிற்காத மண் டிராக்கும் இருந்தால் ஹைஸ்கூல் வயசுக்குப் போதும். தேர்ந்து வருகிறவர்களை மாதம் இரண்டு முறை பாலக்காட்டுக்கு சிந்தெடிக்கில் ஓட அழைத்துப் போகலாம். அதற்கு வேன் வாடகை ஆயிரங்களில்தான் ஆகும்.

சிலர் ஏழு பேர் ஆடும் கால்பந்துக்குச் செயற்கைப் புல் விரித்து, செவன்ஸ் டர்ஃப் போட்டு வாடகைக்கு விடலாம், வருமானம் வரும் என்கிறார்கள். வரும். ஆனால் மாலை ஐந்து மணிக்குக் காசு கொடுக்கிறவன் உள்ளே இருப்பான், நம் பிள்ளை வலைக்கு வெளியே நிற்பான். எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

பழைய இடத்தில் வகுப்பறை கட்டும்போது ஒன்றைக் கவனிக்கலாம். மைதானம் வெளியே போனால் இங்கே மூன்று மாடி தேவையே இல்லை, இரண்டு மாடி போதும். நீளம் கிழக்கு மேற்காக, ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்தால் வெயில் நேரே விழாது, காற்று கொண்டுவரும் புழுதியும் குறையும். மிஞ்சும் முற்றத்தில் கபடி, கோ-கோ, வாலிபால் மூன்றும் அடங்கும், ஒரு பக்கம் வேம்பும் புங்கனும். பேட்மின்டனுக்கு நம் காற்றில் வெளியே வலை கட்டிப் பயன் இல்லை. ஒரு ஹாலின் கூரையை ஒன்பது மீட்டராவது உயர்த்தினால் அசெம்பிளிக்கும் ஆகும், பேட்மின்டனுக்கும் ஆகும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும்: ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஆயிரம் லிட்டர்.

பணம் எங்கிருந்து வரும்? கேரள அரசின் உள்கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பி மூலம் பள்ளிகளுக்கு 5 கோடி, 3 கோடி, 1 கோடி என்று தட்டுத் தட்டாகக் கொடுத்தது கட்டடத்துக்கு. விளையாட்டுத் துறையின் 'ஒரு பஞ்சாயத்தில் ஒரு களிக்களம்' திட்டத்தில் மைதானத்துக்குக் கேட்கலாம், எம்.எல்.ஏ. நிதியையும் பஞ்சாயத்துப் பங்கையும் சேர்க்கலாம். புறம்போக்கு பஞ்சாயத்தின் கையில் இருப்பதும், ஊர்ப் பிள்ளைகளும் ஓடலாம் என்பதும் இதற்கு உதவும். கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் பணம் தனித்தனியாக வருவதால் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டாம். மைதான வேலை முதலில் தொடங்கட்டும். கட்டட வேலை நடக்கும் காலத்தில் முற்றம் முழுக்க ஜல்லியாகக் கிடக்கும்போது பிள்ளைகள் ஓட அந்த இடம் தயாராக இருக்கும்.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்கு நான் கேட்டிருப்பது மூன்றே காரியம்: பாறைமேட்டில் தாலுகா சர்வேயரின் அளவு, நாலு மூலையிலும் நடுவிலும் மண் பரிசோதனை, பொள்ளாச்சி ரோட்டில் ஜீப்ரா கோடும் வேகத்தடையும் கேட்டுப் பொதுப்பணித் துறைக்கு எச்.எம். கையெழுத்தில் ஒரு மனு. எட்டு ஏக்கர்க்காரர் விலையைக் குறைக்கத் தயார் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். குறைக்கட்டும். அந்த மண்ணிலும் பரிசோதனை செய்து இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆட்சேபம் இல்லை.